உட்கார்ந்து எழும் கணக்கு: முதுமையில் கால் வலிமையை வீட்டிலேயே அளக்கும் முறை

வயதில் மூத்த ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பக்கவாட்டில் நின்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். இருக்கையின் விளிம்புக்கு நகர்கிறார், பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார், உடலை முன்னால் சாய்க்கிறார். அதற்குள் ஒரு கை தானாகவே கைப்பிடியையோ தொடையையோ தேடிப் போய்விடுகிறது. அந்தக் கை எந்த மாதத்திலிருந்து உதவிக்கு வரத் தொடங்கியது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, உடன் வாழ்பவர்களுக்கும் தெரியாது. கால் வலு குறையக் குறைய, உடல் அதற்கு ஈடாக ஏதேனும் ஒரு பிடிமானத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது: மாடிப்படியில் பக்கச்சுவர், குளியலறையில் குழாய், கோயிலில் தூண், பேருந்தில் அடுத்தவரின் தோள். "அம்மா நன்றாகத்தான் நடமாடுகிறார்" என்று வீட்டார் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த நடமாட்டத்தில் கால் செய்யும் வேலை எவ்வளவு, கை செய்யும் வேலை எவ்வளவு என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் நான், விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களின் பிள்ளைகள் வாயிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்பது 'நன்றாகத்தான் நடமாடினார்' என்ற வாக்கியத்தைத்தான்.

பிரித்துப் பார்ப்பதற்கு ஆய்வகமோ கருவியோ வேண்டியதில்லை. உறுதியான ஒரு நாற்காலி, அளவு நாடா, கைப்பேசியில் உள்ள நேரங்காட்டி, ஒரு நோட்டு, உடன் நிற்க ஒருவர் ஆகியவை போதும். ஆனால் எந்த முறையில் அளப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும். முறை தவறினால் கிடைக்கும் எண் பயனற்றது என்பதோடு, வீண் நம்பிக்கையையோ வீண் கலக்கத்தையோ தந்துவிடும்.

தசை குறைவதற்கும் வலிமை குறைவதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது கூடக் கூடத் தசை குறையும் நிலைக்கு 1989-இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார்; சதைக் குறைவு என்பதே அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருள். அதன் பின் வந்த ஆய்வுகள் காட்டியது, தசையின் அளவு குறையும் வேகத்தைவிட அதன் வலிமை குறையும் வேகம் அதிகம் என்பதை. அதிலும் சட்டென்று சுருங்கி விசையைத் தரும் விரைவு நார்களே முதலில் மெலிகின்றன. கால் இடறும்போது உடனே அடுத்த அடியை எடுத்து வைத்து நம்மைக் காப்பவை அந்த நார்கள்தான். ஆகவே தொடையின் பருமனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கால் என்ன செய்ய முடிகிறது, எவ்வளவு விரைவில் செய்ய முடிகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு முன்

சிலரை வீட்டில் அளக்கவே கூடாது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், நடக்கும்போது நெஞ்சுவலி வருபவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இடுப்பு, முழங்கால் அல்லது முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்து சில மாதங்களே ஆனவர்கள், விழுந்த பின் வலி இன்னும் அடங்காதவர்கள் ஆகியோர் மருத்துவரின் அனுமதி பெற்று, பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில்தான் இவற்றைச் செய்ய வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்பவருக்கு, முதலில் படுத்த நிலையிலும் பின்பு எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 அளவுக்கு இறங்கினால் காலை அளப்பதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதே சரி. அளக்கும்போது நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல், புதிதாக மூட்டுவலி ஆகியவற்றுள் எது வந்தாலும் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

நேரம் முக்கியம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குக் காலையில் எழுந்தவுடன் முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கும். சாப்பிட்ட உடனே அளந்தால் களைப்புத் தெரியும். இரத்த அழுத்த மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் சிலருக்கு நிலை தடுமாறும். முற்பகலில், சிற்றுண்டி முடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து அளப்பது எனக்குச் சரியாகப் பட்டிருக்கிறது. எந்த நேரமானாலும் அடுத்த முறையும் அதே நேரமாக இருக்கட்டும். புடவை, வேட்டி கட்டியிருப்பவர்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்குமாறு கட்டிக்கொள்வது நல்லது. எழும்போது கரையை மிதித்துத் தடுக்கி விழப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் காலுறை மட்டும் அணிந்து நிற்கவே கூடாது. வெறுங்காலில் அல்லது குதிகாலைப் பிடித்து நிற்கும் வார் செருப்பில் அளக்கலாம்.

நாற்காலியும் அரை நிமிடமும்

கால் வலிமையை அளக்க ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் உண்டென்றால், 30 வினாடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணுவதையே தேர்ந்தெடுப்பேன். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்டன் வளாகத்தில் ராபர்ட்டா ரிக்லியும் ஜெசி ஜோன்ஸும் மூத்தோருக்கான உடல்திறன் சோதனைகளை 1990-களில் வகுத்தபோது இதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதற்கு முன் வழக்கிலிருந்த முறை, ஐந்து அல்லது பத்து முறை எழுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. அதில் ஒரு குறை உண்டு: மூன்று முறைக்கு மேல் எழ முடியாதவருக்கு எண்ணே கிடைக்காது. அரை நிமிடச் சோதனையில் மூன்று என்பதும் ஓர் அளவுதான், இருபது என்பதும் ஓர் அளவுதான்.

நாற்காலியின் உயரம் தரையிலிருந்து 43 சென்டிமீட்டர், அதாவது 17 அங்குலம் இருக்க வேண்டும். நேரான முதுகு இருக்க வேண்டும், கைப்பிடி இருக்கக் கூடாது, இருக்கை மெத்தென்று அமுங்கக் கூடாது. இந்த மூன்றும் சடங்குக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. இருக்கை தாழத் தாழ முழங்கால் அதிகம் மடங்குகிறது. அதிகம் மடங்கிய முழங்காலை நிமிர்த்தத் தொடையின் முன்புறத் தசை அதிக விசை செலவிட வேண்டியிருக்கிறது. சில சென்டிமீட்டர் மாற்றமே எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும்.

இதை நான் என் வீட்டிலேயே கற்றேன். அம்மாவுக்கு 71 வயதாகும்போது முதன்முறை அளந்தேன். மற்றவர்களுக்குப் பணியிடத்தில் நாற்காலியை அளந்து வைப்பவன், வீடு என்பதால் கூடத்தில் கிடந்த சோபாவிலேயே அம்மாவை உட்கார வைத்துவிட்டேன். எட்டு வந்தது. மூன்று மாதம் கழித்துச் சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியில் அளந்தபோது பதினொன்று வந்தது. பயிற்சி பலித்தது என்று அம்மாவிடமும் சொல்லி, இருவரும் மகிழ்ந்தோம். அன்று மாலை இரண்டு இருக்கைகளையும் நாடா வைத்து அளந்தேன்: உட்கார்ந்தால் அமுங்கும் சோபாவின் உயரம் 38 சென்டிமீட்டர், மர நாற்காலி 45. மறுநாள் சோபாவில் மீண்டும் அளந்தபோது ஒன்பதுதான் வந்தது. அன்றிலிருந்து அந்த மர நாற்காலியின் அடியில் ஒரு சிறு குறியிட்டு, அளப்பதற்கு அதை மட்டுமே பயன்படுத்துகிறோம்.

வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் பெரும்பாலும் கைப்பிடி உள்ளவை, எடை குறைந்தவை, பின்னால் வழுக்கக் கூடியவை. அதனால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வேறு நாற்காலி இல்லையென்றால் அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, உடன் நிற்பவர் ஒரு காலால் நாற்காலிக் காலை அணைத்துக்கொள்ள வேண்டும். குள்ளமானவர்களுக்கு 43 சென்டிமீட்டர் நாற்காலியில் பாதம் முழுதாகத் தரையில் படியாமல் போகலாம். அப்போது சற்றுத் தாழ்ந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு, அதன் உயரத்தை நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். அட்டவணை எண்களோடு ஒப்பிடுவது அவ்வளவு பொருந்தாது என்றாலும், அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுவதற்கு அது போதும்.

இனி சோதனை. இருக்கையின் நடுவில் உட்கார வேண்டும், விளிம்பிலும் அல்ல, சாய்ந்தும் அல்ல. பாதங்கள் தோள் அகலத்தில், குதிகால்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்து, உள்ளங்கைகள் எதிர்த் தோள்களைத் தொடட்டும். நீங்கள் ஒரு முறை செய்து காட்டுங்கள். அவரையும் ஓரிரு முறை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். பிறகு ஓய்வு. "தொடங்குங்கள்" என்றதும் நேரங்காட்டியை அழுத்துங்கள். முழுதாக நிமிர்ந்து நின்றால்தான் ஒன்று; பாதி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால் கணக்கில் சேராது. 30-ஆவது வினாடியில் பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். கையை ஊன்றி எழுந்தால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் விதிப்படி மதிப்பு சுழியம். கேட்கக் கடுமையாகத் தோன்றும். ஆனால் நாம் அளக்க வந்தது காலை. கை ஊன்றாமல் எழவே முடியாதவருக்குக் கை ஊன்றிய எண்ணிக்கையைத் தனியாகக் "கையுடன் 6" என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.

அதே மையம் 'சராசரிக்குக் கீழ்' என்று தந்திருக்கும் எல்லைகள் இவை. 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14-க்கும் பெண்களுக்கு 12-க்கும் குறைந்தால் கவனம் தேவை. 65 முதல் 69 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. 85 முதல் 89 வரை இருவருக்குமே 8. இவை அமெரிக்காவில் வாழும் மூத்தோரை அளந்து பெற்ற எண்கள் என்பதை மறக்க வேண்டாம். நம்மவருக்கு இவற்றை வழிகாட்டிப் பலகையாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

எண்ணுபவர் எண்ணிக்கையில் மட்டும் மூழ்கிவிடக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. எட்டு என்ற ஒரே எண்ணைப் பெற்ற இருவர் முற்றிலும் வேறுபட்டவர்களாக இருக்கக் கூடும். ஒருவர் முதல் ஐந்தை விரைவாக எழுந்துவிட்டு, மூச்சு வாங்கி, கடைசி மூன்றுக்குத் திணறுவார். அவருக்குக் குறைவது தாங்கும் திறன். இன்னொருவர் முதல் முறையே இருக்கையை விட்டுப் பிரிய இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆடி உந்த வேண்டியிருக்கும். அவருக்குக் குறைவது வலிமையே. உட்காரும் விதத்தையும் பாருங்கள். இறங்கும்போது உடல் எடையைத் தொடைத் தசை மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசி ஒரு சாணைக் கட்டுப்படுத்த முடியாமல் தொப்பென்று விழுவது போல் உட்கார்ந்தால், எழும் எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் படியிறங்குவதில் அவருக்குச் சிரமம் இருக்கும். முழங்கால்கள் இரண்டும் உள்நோக்கி ஒன்றையொன்று தேடுகின்றனவா, எடை ஒரு பக்கக் காலிலேயே சாய்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை முழங்கால் உயரத்தில் வைத்துப் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் காணொளி எடுத்தால் இவை யாவும் தெளிவாகத் தெரியும், அவருக்கும் காட்டலாம்.

கைப்பேசியும் நாற்காலியும் இருக்கும்போதே இன்னொரு நாளில் ஐந்து முறை எழுவதற்கான நேரத்தையும் பார்த்து வைக்கலாம். மருத்துவர்கள் இந்த எண்ணைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆசியச் சார்கோபீனியா பணிக்குழு 2019-இல் வகுத்த வரையறையில் 12 வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் உடல் செயல்திறன் குறைவு என்கிறது. அதே ஆண்டு வெளியான ஐரோப்பியக் குழுவின் வரையறை 15 வினாடிக்கு மேல் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் மூத்தோர் பராமரிப்புக்காகத் தந்த கையேட்டில் 14 வினாடிக்குள் முடிக்க முடிகிறதா என்று கேட்கிறது. மூன்று அமைப்புகளும் வெவ்வேறு மக்களை, வெவ்வேறு தேவைக்காக எண்ணிப் பார்த்ததால் வந்த வேறுபாடு இது. என் ஆலோசனை எளிது: 12-ஐத் தாண்டினால் பயிற்சியைத் தொடங்குங்கள், 15-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள்.

நடையும் திருப்பமும்

நடை வேகத்தை அளக்க நீளமான கூடமோ மாடி வராந்தாவோ வேண்டும். தரையில் 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடுகள் போடுங்கள். முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னதாகவே நடக்கத் தொடங்கி, இரண்டாம் கோட்டைத் தாண்டியும் ஒரு மீட்டர் நடக்கச் சொல்லுங்கள். நடையைத் தொடங்கும் தயக்கமும் நிற்கும் தயக்கமும் கணக்கில் சேராமலிருக்க இது உதவும். வழக்கமாகக் கடைக்குப் போகும் வேகத்தில் நடக்கச் சொல்ல வேண்டும், போட்டிக்கு நடப்பது போல அல்ல. முதல் கோட்டைக் கால் தாண்டும்போது நேரங்காட்டியைத் தொடங்கி, இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 4 வினாடியில் கடந்தால் வினாடிக்கு ஒரு மீட்டர். ஆசியப் பணிக்குழு 6 மீட்டர் நடையில் அதற்குக் குறைந்த வேகத்தைக் குறைவு என்று கொள்கிறது. 5 வினாடியைத் தொட்டால் வேகம் 0.8 மீட்டர். சாலையைக் கடப்பதற்கே அது போதாத வேகம் என்பதை வீட்டார் உணர வேண்டும்.

மூன்று மீட்டர் எழுந்து நடந்து திரும்பும் சோதனை இதைவிட நிறையச் சொல்லும். மான்ட்ரியலில் டயான் பொட்ஸியாட்லோவும் சாண்ட்ரா ரிச்சர்ட்சனும் 1991-இல் இதை நேரக்கணக்கோடு முறைப்படுத்தினார்கள். இதற்குக் கைப்பிடியுள்ள நாற்காலியே வேண்டும், கை ஊன்றி எழலாம், கைத்தடி வழக்கமாக வைத்திருப்பவர் அதோடே நடக்கலாம். எழுந்து, மூன்று மீட்டர் தொலைவில் உள்ள கோடு வரை நடந்து, திரும்பி, நாற்காலிக்கு வந்து உட்காருவது வரைதான் நேரம். ஒரு முறை ஒத்திகை, அடுத்தது கணக்கு. 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் கூடுதல் என்று அமெரிக்க மையம் கருதுகிறது. இங்கேயும் திரும்பும் இடத்தில் உங்கள் கண் இருக்கட்டும். கால் வலுவும் நிலையும் உள்ளவர் இரண்டு மூன்று அடியில் திரும்பிவிடுவார். வலு குறைந்தவர் கோயில் பிரகாரத்தின் மூலையில் தேர் திரும்புவது போலச் சிறு சிறு அடியாக எடுத்து வைத்துத் திரும்புவார், அல்லது சுவரைத் தொட்டுக்கொள்வார். எழுந்தவுடன் ஒரு கணம் நின்று நிதானித்துத்தான் நடக்கத் தொடங்குகிறார் என்றால் தலைசுற்றல் உண்டா என்று கேளுங்கள்.

நிற்பது

நிலைநிற்றலை அளக்கும் நான்கு படிகளையும் சுவர் மூலையில் வைத்துச் செய்வதே பாதுகாப்பு. உடன் நிற்பவர் ஒரு கை தொலைவில், தொடாமல் நிற்க வேண்டும். கண் திறந்தே இருக்கட்டும். முதலில் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 வினாடி. அடுத்து ஒரு பாதத்தின் உட்பக்க வளைவை மற்றதன் பெருவிரலோடு சேர்த்து 10 வினாடி. மூன்றாவது, அடிப்பிரதட்சிணம் செய்பவர் ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைப்பாரே, அந்த நிலையில் அசையாமல் 10 வினாடி. நான்காவது ஒற்றைக் காலில். ஒன்றில் தவறினால் அடுத்ததற்குப் போக வேண்டாம். மூன்றாம் படியில் 10 வினாடி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் அதிகம் என்று கொள்ள வேண்டும்.

ஒற்றைக் கால் நிலை குறித்து 2022-இல் பிரேசில் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் 10 வினாடி நிற்க முடியவில்லை. அவர்களிடையே அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பும் அதிகமாக இருந்தது. ஒற்றைக் காலில் நிற்காததால் அவர்கள் இறந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. நரம்பு, கண், காது, தசை, இதயம் என்று பலவற்றின் நிலையை அந்தப் பத்து வினாடி ஒருசேரக் காட்டிவிடுகிறது என்பதே பொருள். நீரிழிவு நெடுங்காலமாக உள்ளவர் இதில் தடுமாறினால் பாத நரம்புகளின் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். தொடைத் தசையில் குறை இல்லாமல் தரையை உணராத பாதத்தில் குறை இருக்கலாம்.

தரை

நம் வீடுகளில் தரையில் உட்காரும் பழக்கம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. பந்தியில் இலை முன் உட்கார்ந்தவர், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பற்றாமல் எழுகிறாரா என்பதே ஒரு சோதனைதான். பிரேசிலின் அதே குழு தரையில் உட்கார்ந்து எழுவதற்குப் பத்துப் புள்ளிச் சோதனை ஒன்றை வகுத்திருக்கிறது: உட்காருவதற்கு ஐந்து, எழுவதற்கு ஐந்து. கை, முன்கை, முழங்கால், காலின் பக்கம் என்று எதை ஊன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி குறையும்; நிலை தடுமாறினால் அரைப் புள்ளி குறையும். முழங்கால் தேய்மானமோ இடுப்பு மூட்டு மாற்று அறுவையோ உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் பாய் விரித்து, அருகில் கனமான கட்டிலோ மேசையோ இருக்கும்படி பார்த்துக்கொண்டு செய்யலாம். எண்ணைவிட எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: வீட்டில் தனியாக இருக்கும்போது விழுந்தால், தானே எழுந்து கதவு வரை வர முடியுமா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை விடை சொல்கிறது. முடியாதென்று தெரிந்தால் கைப்பேசி எப்போதும் இடுப்பிலோ கழுத்திலோ இருக்க ஏற்பாடு செய்வது அன்றே செய்ய வேண்டிய வேலை.

எதையும் செய்ய இயலாதவருக்குக் கெண்டைக்கால் அளவு ஒரு தொடக்கக் குறிப்பைத் தரும். உட்கார்ந்த நிலையில் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள். ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசைக் குறைவு இருக்கக் கூடும் என்கிறது ஆசியப் பணிக்குழு. கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் பருத்த உடலினருக்கும் இது ஏமாற்றிவிடும்.

எண்ணைப் படிப்பது

ஒரு நாள் எடுத்த எண் ஒரு புள்ளி மட்டுமே. தூக்கம் கெட்ட இரவுக்குப் பின், காய்ச்சலுக்குப் பின், மனம் சோர்ந்திருக்கும்போது எவருக்கும் எண் இறங்கும். ஆகவே முதல் வாரத்தில் இரண்டு நாள் இடைவெளிவிட்டு இரு முறை அளந்து, இரண்டாவதையே தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பெரும்பாலும் கற்றுக்கொள்வதிலேயே போய்விடுகிறது. அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். வாரந்தோறும் அளந்தால் மூத்தவருக்குச் சலிப்பும் அளப்பவருக்குப் பதற்றமுமே மிஞ்சும். அரை நிமிடச் சோதனையில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அல்லது அதற்கு மேல் மாறினால்தான் காலில் மாற்றம் என்று நான் நம்புகிறேன். அட்டவணைப்படி நல்ல நிலையில் இருப்பவர்கூடப் பதினாறிலிருந்து பதின்மூன்றுக்கு இறங்கிவிட்டால் அவரைக் கவனிக்க வேண்டும். அட்டவணை அவரைத் தேர்ச்சி பெற்றவர் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

நோட்டில் தேதி, நேரம், நாற்காலி, காலணி, எண்ணிக்கை, வலி எங்கே, கை எத்தனை முறை நகர்ந்தது, மூச்சு எப்படி என்பவற்றை எழுதுங்கள். அந்த மூன்று மாதத்தில் விழுந்தாரா, விழப் பார்த்தாரா என்றும் கேட்டு எழுதுங்கள். விழுந்ததைப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மறைப்பது உண்டு, வெளியே போகவிட மாட்டார்களோ என்ற அச்சம்தான் காரணம். "விழுந்தீர்களா அப்பா?" என்று கேட்டால் "இல்லை" என்று வரும், "எங்கேயாவது கால் இடறியதா, எதையாவது பிடித்துக்கொண்டு தப்பித்தீர்களா?" என்று கேட்டால் பேச்சு வரும். அளக்கும்போது அவரை மற்றொருவரோடு ஒப்பிடாதீர்கள். "பெரியப்பா பதினைந்து எழுந்தார்" என்ற ஒரு சொல் போதும், அடுத்த முறை அவர் நாற்காலிக்கே வர மாட்டார், அல்லது மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வார்.

எண் குறைவாக வந்தால் அது முடிந்துபோன கதை அன்று. 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோனும் உடன் பணியாற்றியோரும் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடினமான கால் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அந்த வயதிலும் தசை பதில் சொல்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் நிலைநிற்றலும் வலிமையும் சேர்ந்த பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வலியுறுத்தியது. அளப்பதற்குப் பயன்பட்ட நாற்காலியே பயிற்சிக்கும் போதும்: தன் எண்ணிக்கையில் பாதியை ஒரு சுற்றாக வைத்து, இடையில் ஓய்வெடுத்து, மூன்று சுற்று, எழும்போது விரைவாக, உட்காரும்போது மனத்துக்குள் மூன்று எண்ணி மெதுவாக. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். கஞ்சியும் ரசம் சாதமுமாக உணவு சுருங்கிவிட்டவர்களுக்குப் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றைக் கூட்டாமல் பயிற்சி மட்டும் பலன் தராது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

மூன்று மாதத்தில் எண் திடீரென்று பாதியாகக் குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வலுவிழந்தாலோ, கால் மரத்துப்போவதோடு சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் வந்தாலோ அது வயதின் வேலை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றபடி மெல்ல இறங்கிவரும் எண்ணோடு வருபவர்களுக்கு வைட்டமின் டி, பி12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பதும், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளை, குறிப்பாகத் தூக்க மாத்திரைகளை, மருத்துவர் ஒரு முறை மறு ஆய்வு செய்வதும் வழக்கம். போகும்போது மாத்திரைச் சீட்டோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "கொஞ்ச நாளாகவே நடை சரியில்லை" என்று சொல்வதைவிட, "ஜனவரியில் பன்னிரண்டு, ஏப்ரலில் பதினொன்று, ஜூலையில் எட்டு, அதே நாற்காலி, அதே நேரம்" என்று காட்டினால் மருத்துவர் தன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்கத் தொடங்குவார்.